"பொண்ணு எப்போ லண்டன் கிளம்புறா?" - கல்யாணத்துக்கு முன்பே போட வேண்டிய விசா கணக்கு!

கல்யாணம் முடிந்து 20 நாளில் மாப்பிள்ளை லண்டனுக்கு விமானம் ஏறிவிடுகிறார். பெண் அம்மா வீட்டில். மாதங்கள் ஓடுகின்றன. "இன்னும் விசா வரலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தூக்கம் போகிறது. பல வீடுகளில் இந்தக் காத்திருப்புக்குக் காரணம் ஒரே ஓர் எண்தான்: 29,000 பவுண்டு.

பிரிட்டிஷ் குடியுரிமையோ, அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ உள்ள ஒருவர் தன் கணவரையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள, வரிப் பிடித்தத்துக்கு முன் ஆண்டுக்கு இவ்வளவு சம்பாதிக்க வேண்டும். 2012-ல் இந்த விதி வந்தபோது வரம்பு 18,600 பவுண்டு. 2024 ஏப்ரல் 11 முதல் ஒரேயடியாக 29,000. அதை 38,700 வரை உயர்த்தும் திட்டமும் இருந்தது. ஆட்சி மாறியதும் நிறுத்திவைக்கப்பட்டது.

கடையில் வேலை பார்த்தால் போதுமா?

2025 ஏப்ரலில் அங்கே 21 வயதைத் தாண்டியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், வருடம் முழுக்க உழைத்தாலும் கிடைப்பது சுமார் 25,400 பவுண்டுதான். அதாவது, கடையிலோ கிடங்கிலோ குறைந்தபட்சக் கூலிக்கு முழு நேரம் உழைப்பவரால்கூட அந்தச் சம்பளத்தை மட்டும் காட்டி மனைவியை அழைக்க முடியாது.

"பொண்ணு சென்னையில ஐ.டி-ல நல்லா சம்பாதிக்கிறாளே?" என்று கேட்கலாம். முதல் விண்ணப்பத்தில் அவர் இங்கே வாங்கும் சம்பளம் கணக்கில் வராது. அங்கே போய் வேலைக்குச் சேர்ந்த பிறகு, விசாவை நீட்டிக்கும்போதுதான் அவருடைய சம்பளமும் சேரும்.

சேமிப்பு கைகொடுக்கும்!

சம்பளம் குறைந்தால் சேமிப்பைக் காட்டலாம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. குறையும் தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000-ஐக் கூட்ட வேண்டும். மாப்பிள்ளையின் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். குறைவது 4,000. இரண்டரை மடங்கு 10,000. அதோடு 16,000. ஆக, 26,000 பவுண்டு சேமிப்பு வேண்டும். சம்பளமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு!

இந்தப் பணம் கணவன், மனைவி இருவரில் யார் பெயரில் இருந்தாலும் சரி. ஆனால், 6 மாதங்களாவது அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். அப்பா அன்பளிப்பாகக் கொடுத்ததும் செல்லும்; கடனாக வாங்கியது செல்லாது. "மாமா ஒரு வாரத்துக்குப் போட்டுட்டு எடுத்துக்கட்டும்" என்ற யோசனை எடுபடாது. பீரோவில் இருக்கும் நகையும் சேமிப்பாகாது.

எங்கே சறுக்குகிறார்கள்?

சம்பளம் இருந்தும் ஆவணத்தில் கோட்டை விடுபவர்கள் உண்டு. பே ஸ்லிப்பில் உள்ள தொகையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகையும் ஒத்துப்போக வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கும் சம்பளத்தை நம்பி விண்ணப்பித்தால் சிக்கல்தான். ஒரே முதலாளியிடம் 6 மாதங்களுக்கு மேல் இருந்தால் அந்த 6 மாதச் சான்றுகள் போதும். சமீபத்தில் வேலை மாறியவர் என்றால், இப்போதைய சம்பளத்தோடு கடந்த 12 மாத வருமானத்தையும் காட்ட வேண்டும். விசா கிடைக்கும் வரை வேலை மாறாமல் இருப்பது நல்லது.

விசா கட்டணம் தனி. அதோடு மருத்துவக் கட்டணமாக மட்டும் 3,105 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆகியவையும் தேவை.

யாருக்கு விலக்கு?

ஸ்பான்சர் செய்பவர் மாற்றுத்திறனாளிகளுக்கான சில உதவித்தொகைகளையோ, பராமரிப்பாளர் உதவித்தொகையையோ பெறுபவர் என்றால் 29,000 கட்டாயமில்லை. குடும்பம் நடத்தப் போதிய பணம் இருப்பதைக் காட்டினால் போதும். மாப்பிள்ளை வேலை விசாவில் இருப்பவர் என்றால் அவருக்கான விதிகளே வேறு. அதிலும் ஒரு கவனம் தேவை: 2024 மார்ச் 11-க்குப் பிறகு பராமரிப்புப் பணியாளர் விசாவில் போனவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது.

எனவே வரன் பேசும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம். மாப்பிள்ளை எந்த விசாவில் இருக்கிறார்? வரிக்கு முன் சம்பளம் எவ்வளவு? இந்த வேலையில் எத்தனை மாதமாக இருக்கிறார்? கேட்கச் சங்கடமாக இருக்கும்தான். ஆனால், தாலி கட்டிய பிறகு ஒன்றரை வருடம் வீடியோ காலில் குடும்பம் நடத்தும் சங்கடம் அதைவிடப் பெரிது.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் முன் பிரிட்டன் அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பொருத்தத்தோடு பே ஸ்லிப் பொருத்தமும் பார்த்துவிட்டால், பெண் கிளம்பும் தேதியைச் சொந்தக்காரர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்!