குற்றச்சாட்டே தீர்ப்பாகுமா?

அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவர் மாணவிகளைத் தகாத வழிக்கு அழைத்தாரென்று 2018-ம் வருஷம் எழுந்த புகாரைத் தமிழ்நாடு மறந்திராது. அவர் ஸஸ்பெண்டு செய்யப்பட்டார்; கைதானார். கவர்னர், ஓய்வு பெற்ற அதிகாரி ஸ்ரீ ஆர். சந்தானத்தை விசாரிக்க நியமித்தார். ஸி.பி.ஸி.ஐ.டி. போலீஸார் வழக்கு நடத்தினர். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு அவருக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றஞ் சாட்டப்பட்டிருந்த மதுரைக் காமராஜர் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியரையும் ஆராய்ச்சி மாணவரையும், குற்றம் ருஜுவாகவில்லையென்று விடுதலை செய்தது.

இவ்விரு முடிவுகளையும் சேர்த்துச் சிந்திக்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். 2018-ல் ஊர் வாய்க்கு மூவரும் ஒன்றே. கோர்ட்டு பிரித்தறிய ஆறு வருஷம் சென்றது. குற்றஞ் சாட்டிய அன்றே வேலையினின்று விரட்ட வேண்டுமென்போருக்கு இத்தீர்ப்பே தக்க பதில்.

ஸஸ்பென்ஷன் தண்டனையன்று. விசாரணை கெடாமலும், புகார் செய்தவர் அஞ்சாமலும் இருப்பதற்கான ஏற்பாடு. 1976-ம் வருஷத்துத் தனியார் கல்லூரிகள் சட்டம் அதற்கு இரண்டு மாதமே வரம்பு கட்டியது. ஆசிரியராலேயே தாமதம் நேர்ந்தால்தான் மேலும் இரண்டு மாதம் நீட்டலாம். பிழைப்புப் படியை மறுத்து, வறுமையால் ஒருவர் வர முடியாதபடி செய்து நடத்திய விசாரணை செல்லாதென்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடாமல் மூன்று மாதத்துக்கு மேல் ஸஸ்பென்ஷனை நீட்டலாகாதென்று 2015-ல் கூறியது.

இவை குற்றவாளிக்குச் சலுகையென்று சிலர் சினக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. விசாரணை இழுபட்டால் மாணவிகள் படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறார்கள், மணமாகிப் போகிறார்கள், சாட்சி சொல்லும் துணிவு குன்றுகிறது. தாமதத்தில் குற்றவாளிக்கே லாபம். நிரபராதிக்கோ போன மானம் திரும்புவதில்லை. நெசவாளர் வீட்டிலிருந்தும், திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்தும் பெண்ணைப் படிக்க அனுப்பும் தகப்பனாருக்கு வேண்டுவது ஆத்திரமன்று. விரைவில் வெளிப்படும் உண்மை.

ஆகையால் கல்லூரி நிர்வாகிகளுக்கு நாம் சொல்வது இது: புகார் வந்தவுடன் அவ்வாசிரியரை மாணவிகளிடமிருந்து விலக்குங்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், படியை நிறுத்தாதீர்கள். பெண்களுக்கு இழைக்கும் தொல்லையை விசாரிக்க 2013-ம் வருஷச் சட்டம் வகுத்த தொண்ணூறு நாள் கெடுவைக் காப்பாற்றுங்கள். ருஜுவானால் தயங்காது தண்டியுங்கள். இல்லையேல் மரியாதையுடன் வேலையில் அமர்த்துங்கள். மாணவியின் மானமும் ஆசிரியரின் ஜீவனமும் ஒரே நியாயத்தினால்தான் காக்கப்படும்.