பழைய குளிர்ப்பொறியும் புதிய தவணையும்

1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்குமிடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய நாள்தொட்டு, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய ஊர்கள் சிறிது சிறிதாக நகரத்தின் வடிவை மேற்கொண்டன. ஓட்டுக்கூரையும் திண்ணையும் மறைந்து, காங்கிரீட்டுத் தளமும் அடுக்குமாடியும் எழுந்தன. பகலெல்லாம் வெயிலை உண்ட தளம் இரவெல்லாம் அதனை வீட்டினுள்ளே உமிழ்கின்றது. 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 பாகையை எட்டிற்று. இத்தகைய இடத்தில், முதியோரும் நோயாளரும் உறையும் வீட்டில் ஏ.சி. என்னும் குளிர்ப்பொறி இருத்தலை ஆடம்பரமென்று இகழ்தல் பொருந்தாது. ஆகவே, அது வேண்டுமோ வேண்டாவோ என்பதன்று ஈண்டு எழும் வினா. பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த பொறியை மாற்றுதற்குரிய பணத்தை நடுத்தரக் குடும்பம் எவ்வழியால் பெறுவது என்பதே.

பழைய பொறி ஓடுகின்ற வரையில் அதனால் தனிச்செலவில்லை என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் தவறு. வெளிப்பெட்டியின் தகடுகளில் துருவும் தூசியும் ஏறியவழி, வெப்பம் எளிதில் வெளியேறாது, கம்பிரஸர் நெடுநேரம் ஓடும், மின்சாரமும் மிகும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஓரிரவில் பழையது 10 யூனிட்டும், புதிய இன்வெர்ட்டர் பொறி 6 யூனிட்டும் கொள்ளுமென்க. இரண்டு மாதத்தில் மிச்சம் 240 யூனிட். 2024 ஜூலையில் வகுத்த கட்டணப்படி, 500 யூனிட்டைக் கடந்த வீட்டார் 501 முதல் 600 வரை யூனிட்டிற்கு 8.55 ரூபாயும், 601 முதல் 800 வரை 9.65 ரூபாயும் கொடுத்தல் வேண்டும். ஆதலின், 740 யூனிட் செலவழித்த வீடு 500-க்கு இறங்குமாயின், 2,206 ரூபாய் மிஞ்சும். கீழ்ப்படிகளின் கட்டணமும் சற்றே குறையும். ஆண்டில் எட்டு மாதம் இவ்வாறு நிகழின், மிச்சம் 8,824 ரூபாய். புதிய பொறியின் விலை 40,000 ரூபாயெனின், அது தன் விலையைத் தானே ஈட்டித் தர ஏறத்தாழ நாலரை ஆண்டு செல்லும்.

இந்நாலரை ஆண்டு என்பதே நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை. கடைக்காரர் தரும் தவணையோ பெரும்பாலும் ஓராண்டில் முடிவது. மாதம் 3,333 ரூபாய் கேட்பது. பொறி மெல்ல ஈட்டுகின்றது. கடன் விரைந்து கேட்கின்றது. இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது வீட்டின் அரிசியும் மருந்தும் பள்ளிச் சம்பளமுமேயன்றி வேறென்னை?

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரம் கண்டு மயங்குதலும் தகாது. பூச்சிய வட்டி என்பதொன்று இல்லையென்றும், வட்டியானது பலகால் பரிசீலனைக் கட்டணம் என்னும் பெயரில் மறைந்து வருகின்றதென்றும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. ரொக்கம் கொடுப்பார்க்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடையாதெனின், அவ்விழப்பும் வட்டியே. 2024 அக்டோபர் முதலாக, இத்தகைய கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் விவரத்தாள் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பின்னரே கையொப்பமிடுதல் அறிவுடைமை. நண்பர்களே, நம் இல்லங்களில் ஆங்கிலக் காகிதங்களைப் படித்துப் பொருள் சொல்லும் கடமை பெரும்பாலும் நம்மையே சார்ந்தது. கற்ற கல்விக்கு இதனினும் நேரான பயன் யாது?

பொறி ஒரே நாளில் மடிவதில்லை. ஈராண்டு முன்னரே இருமத் தொடங்கும். அன்றே வங்கியில் தொடர் வைப்புத் தொடங்கி மாதம் 1,500 ரூபாய் இடுவார்க்கு, இரண்டாண்டில் 36,000 ரூபாயும் அதன் வட்டியும் கையிலிருக்கும். அஃதியலாதவழி, அலுவலகத்துக் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கக் கடனை நாடலாம். நகையை அடகு வைப்போர், மீட்கும் நாளைக் குறித்துக்கொண்டே வைத்தல் வேண்டும். பதிவு பெறாத சீட்டை அறவே விலக்குக.

ஆயினும், சேமிக்கவே இயலாத வீட்டிற்கு இவ்வறிவுரைகளால் பயனென்? மொத்தமாய் நாற்பதாயிரம் தரவல்லார் புதிய பொறி வாங்கி மின்கட்டணத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். தரமாட்டாதார் பழையதையே வைத்து மிகுதியாய்க் கட்டுகின்றனர். இல்லாமைக்கு விதித்த தண்டம் போன்றது இது. 2025 செப்டம்பரில் இப்பொறியின் மீதான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டினின்று 18 ஆகக் குறைந்தமை நன்றே. எனினும், மொத்தப் பணம் என்னும் தடை அப்படியே நிற்கின்றது.

இதற்கு வழியில்லாமலில்லை. 2015-இல் தோன்றிய உஜாலா திட்டத்தில், சில மாநிலத்தார் எல்.இ.டி. விளக்கின் விலையை மின்கட்டணத்தோடு மாதம் பத்து ரூபாயாகச் செலுத்தினர். அம்முறையையே குளிர்ப்பொறிக்கும் விரித்தல் வேண்டும் என்பது எம் கருத்து. மின் வாரியம் வங்கியோடு இயைந்து, ஐந்தாண்டுத் தவணையில், கட்டணத்தில் மிஞ்சும் தொகையை ஒட்டி வாங்கிக்கொள்ளலாம். கடன் சுமந்த வாரியத்திற்கு இஃதொரு புதுச்சுமையன்றோ எனின், அன்று. 2024 மே 2-ஆம் நாள் மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டிற்று. அத்தகைய உச்ச வேளையில் மிகுந்த விலைக்கு மின்சாரம் கொள்ளும் தேவை குறைதல் வாரியத்திற்கும் ஊதியமே. ஒன்று மட்டும் இன்றியமையாதது: பழைய பொறியை ஒப்படைத்தார்க்கே கடன் என்னும் விதி வேண்டும். இன்றேல் அது அடுத்த அறையில் ஏறி ஓடும், மிச்சம் கனவாகும்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டுமென்பது பழமொழி. கடனுக்கும் அதுவே அளவு. பொருள் ஈட்டித் தரும் காலத்திற்குக் கடனின் காலம் ஒத்திருப்பின், தவணை வீட்டைத் தாங்கும்; ஒவ்வாதவழி, வீடே தவணையைத் தாங்க நேரும்.