வைரம் பாய்ந்த உடம்பிலும் எலும்புப்புரை

விருத்திராசுரனை வெல்ல வழி தேடிய தேவர்கள், ததீசி முனிவரை அடைந்து அவருடைய எலும்பையே யாசித்தனர் என்று புராணங்கள் கூறுகின்றன. முனிவரும் மனமுவந்து தம் உடலை ஈந்தார். அந்த எலும்பே இந்திரனின் கையில் வச்சிராயுதம் ஆயிற்று. ஆண்மகனின் எலும்பு உறுதி மிக்கது என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் அத்தனை ஆழமாகப் பதிந்திருக்கிறது. கல்லணைக் கால்வாய் நீரில் நெல் விளைவித்து முதுமை எய்திய ஒரத்தநாட்டுப் பெரியவர்களை, ‘வைரம் பாய்ந்த உடம்பு’ என்று ஊரார் போற்றுவதும் அதனால்தான்.

ஆயினும், வைரம் பாய்ந்த கட்டையும் வெளியே தெரியாமல் உள்ளே உளுத்துப் போவதுண்டு. எலும்புக்கு நேரும் அந்நிலையை எலும்புப்புரை நோய் என்பர். இது மூட்டுத் தேய்மானம் அன்று. மூட்டுத் தேய்மானம் வலியால் தன்னை அறிவித்துவிடும். எலும்புப்புரையோ எலும்பு முறியும் வரை வாய் திறப்பதில்லை.

இது பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்று பலர் கருதுகின்றனர். உலக அளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இந்நோயால் எலும்பு முறிவு நேர்கிறது. எண்ணிக்கையில் ஆண்கள் குறைவு, விளைவில் அப்படியன்று. இடுப்பெலும்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் உயிரிழப்போர் விகிதம் பெண்களைவிட ஆண்களிடமே அதிகம். உயிர் பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் நடமாட இயலாமல் பிறர் துணையை நாடுகின்றனர். பிரகாரத்தை வலம் வந்த கால்கள் கட்டிலோடு முடங்கிவிடுகின்றன.

இத்துன்பத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கலாம். யாருக்கு மருத்துவம் தேவை என்று கண்டறிவதே முதற்படி. அதற்குச் சில அடையாளங்கள் உண்டு.

முதல் அடையாளம், சிறு விழுக்காட்டில் நேர்ந்த முறிவு. மரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிவது வேறு. நின்ற நிலையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டோ தோளோ இடுப்போ முறிவது வேறு. பின்னது எலும்பின் வலுவின்மையைக் காட்டும். வரப்பில் இடறி விழுந்தவருக்கு மாவுக்கட்டுப் போட்டதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் குடும்பத்தார் எண்ணிவிடுகின்றனர். ஒருமுறை முறிந்தவருக்கு மீண்டும் முறியும் வாய்ப்பு மிகுதி என்பதால், உண்மையான சிகிச்சை அங்கேதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, உயரம் குறைதலும் முதுகு கூனலும். முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முறிந்தது என்று அறியப்படாமலேயே போய்விடுகின்றன. இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குதிகாலும் முதுகும் சுவரில் படுமாறு நிமிர்ந்து நிற்கும்போது தலையின் பின்புறம் சுவரைத் தொடாவிட்டால், முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நலம்.

மூன்றாவது, பிற நோய்களும் மருந்துகளும். இளைப்பு நோய்க்கோ வாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டவர்கள், விந்துச்சுரப்பிப் புற்றுநோய்க்காக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்கள், வலிப்பு நோய்க்கு நெடுங்காலம் மருந்து உண்பவர்கள், தைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள் ஆகியோரின் எலும்பு விரைந்து வலுவிழக்கும். பீடியும் மதுவும் அதே தீங்கைச் செய்கின்றன. மூட்டுவலிக்கென்று பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கப்படும் மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. தந்தையின் அல்லது தாயின் இடுப்பெலும்பு முறிந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

எலும்பின் அடர்த்தியை டெக்ஸா ஸ்கேன் காட்டிவிடும். வலி சிறிதும் இல்லை. அதன் முடிவில் டி-ஸ்கோர் என்னும் எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை. 70 வயது நிறைந்த ஆண்களும், மேற்கூறிய அடையாளங்களுள் ஒன்றேனும் உடைய 50 முதல் 69 வயது வரையிலான ஆண்களும் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று அமெரிக்க அகச்சுரப்பியியல் வல்லுநர்கள் 2012-ஆம் ஆண்டு பரிந்துரைத்தனர். ஸ்கேன் வசதி அருகில் இல்லையெனினும் கவலையில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட ‘ஃபிராக்ஸ்’ என்னும் கணக்கீடு இந்தியர்களுக்கும் உண்டு. வயது, எடை, உயரம் முதலிய சில விவரங்களைக் கொண்டே, அடுத்த பத்தாண்டுகளில் எலும்பு முறியும் வாய்ப்பை அதன்மூலம் மருத்துவர் மதிப்பிடலாம்.

நோய் உறுதியானால் மருந்துகள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை உண்ணும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை, காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நிறைய நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் செலுத்தும் சோலெட்ரானிக் அமிலமும் உண்டு. எலும்புப்புரையுள்ள 1,199 ஆண்களிடம் இரண்டு ஆண்டுகள் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், இம்மருந்தைப் பெறாதவர்களில் 4.9 விழுக்காட்டினருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிந்தது, பெற்றவர்களில் 1.6 விழுக்காட்டினருக்கே முறிந்தது. சிறுநீரக நிலையைச் சோதித்து, எம்மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

மருந்துக்குத் துணை உணவும் வெயிலும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. மோரும் எள்ளும் முருங்கைக்கீரையும் டெல்டா மக்களுக்குப் புதியவை அல்ல. ஒரத்தநாடு வட்டத்தில், சம்பந்தர் பாடிய பரிதிநியமம் என்னும் பரிதியப்பர் கோயில் கதிரவன் வழிபட்ட தலம். பங்குனியில் அவனுடைய கதிர்கள் மூலவர்மீது படுகின்றன. அக்கதிரே மனிதர் தோலில் பட்டு வைட்டமின் டி சத்தை உண்டாக்குகிறது. வயலுக்குச் செல்வதை நிறுத்தி வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்களுக்கு அச்சத்து குறைந்துவிடும். இளவெயிலைவிட, காலை 10 மணிக்குப் பிந்திய வெயிலில் சிறிது நேரம் இருப்பதே பயன் தரும்.

விழாமல் காப்பதும் மருத்துவமே. அபிஷேக நீர் வழிந்த கல்தளம், இருள் சூழ்ந்த உட்பிரகாரம், உயர்ந்த வாயிற்படி ஆகியவற்றில் கைத்தடியோ பேரனின் தோளோ துணையாக இருப்பதில் இழுக்கில்லை. முதுகெலும்பு நலிந்தவர் விழுந்து வணங்க முற்படாமல், நின்றே கைகூப்பினாலும் இறைவன் ஏற்றுக்கொள்வான்.

இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களின் பசி தீர்த்தது. தஞ்சையில் அவர் கண்ட தன்வந்திரி மகால் பிணி தீர்க்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டது. அன்னமும் மருந்தும் ஒருங்கே அறமாகப் போற்றப்பட்ட மண் அது. இன்று அந்த அறம் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது. தந்தையோ பாட்டனாரோ சிறு விழுக்காட்டில் எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தால், வீடு திரும்புமுன் மருத்துவரிடம் ஒன்றை மட்டும் மறவாமல் கேட்க வேண்டும்: “முறிந்த எலும்பைச் சேர்த்துவிட்டீர்கள், மற்ற எலும்புகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தீர்களா?”