பெயர் போய் எண் மட்டும் மிஞ்சினால்... பழைய சாஃப்ட்வேர் ‘கிராஷ்’ ஆன வரியில் என்ன படிக்கலாம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. புது சிஸ்டத்துக்கு மாறினால் முதலில் மக்கர் பண்ணுவது பழைய சாஃப்ட்வேர்தான். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையிலோ பருத்தி கமிஷன் கடையிலோ, 15 வருஷத்துக்கு முன்னால் எழுதி வாங்கிய கணக்கு புரோகிராம் பில் போடும்போது பட்டென்று மூடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. சோர்ஸ் கோடும் கையில் இல்லை. மிஞ்சியது சில எண்கள். (டாஸ் காலத்து 16-பிட் புரோகிராம் என்றால் அதுவும் கிடையாது, விண்டோஸ் 11-ல் அது திறக்கவே திறக்காது.)

அந்த எண்கள் என்ன?

புரோகிராமுக்குள் ஒரு வேலை இன்னொன்றைக் கூப்பிடும், அது மூன்றாவதைக் கூப்பிடும். விழுந்த நொடியில் யார் யாரைக் கூப்பிட்டிருந்தார்கள் என்ற வரிசைதான் ‘கால் ஸ்டாக்’. எழுதும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. கம்பைல் செய்ததும் அந்தப் பெயர்கள் தனியாக ‘சிம்பல்’ கோப்புக்குப் போய்விடும். வாங்கியவருக்கு அந்தக் கோப்பு பெரும்பாலும் வராது. அதனால் கோப்பின் பெயரும், அதன் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற எண்ணும்தான் தெரியும். நான்கு வழிச்சாலையில் ஊர்ப் பலகைகளைப் பிடுங்கிவிட்டு ‘கோவில்பட்டியிலிருந்து எட்டாவது கிலோமீட்டர்’ என்று சொல்வது மாதிரி. இடம் துல்லியம். என்ன ஊர் என்றுதான் தெரியாது.

உலகமே பார்த்த ஒரு ஸ்டாக்

2024 ஜூலை 19, நம்ம நேரப்படி காலை 9.39. கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். எட்டு நாள் கழித்து மைக்ரோசாஃப்ட் ஒரு கிராஷ் பதிவை வெளியிட்டது. அதில் மேல் வரிகளுக்குப் பெயர் இருந்தது. விண்டோஸின் சிம்பல்களை மைக்ரோசாஃப்டே பொதுவில் வைத்திருக்கிறது. அதற்குக் கீழே ‘சிஎஸ்ஏஜென்ட்’ என்ற கிரவுட்ஸ்டிரைக் கோப்பு, வெறும் எண்களோடு.

மேலே இருப்பவர்தான் குற்றவாளி என்று நினைத்தால் தப்பு. அந்த விண்டோஸ் வரிகள் விபத்துக்குப் பிறகு வந்த ஆம்புலன்ஸ். விண்டோஸ் அல்லாத முதல் வரியில்தான் தேட வேண்டும்.

ஆனால் ‘எங்கே’ தெரிந்தாலும் ‘ஏன்’ தெரிந்துவிடாது. வெற்று முகவரியைப் படித்ததுதான் காரணம் என்று சம்பவத்தன்றே இணையத்தில் அடித்துச் சொன்னார்கள். படிக்கப் போன முகவரியோ பூஜ்யம் இல்லை. அதற்கு முன்பே பூஜ்யமா என்று சரிபார்க்கும் வரியும் இருந்தது. உண்மைக் காரணம் ஆகஸ்ட் 6-ம் தேதி கிரவுட்ஸ்டிரைக் அறிக்கையில் வந்தது: 20 மதிப்புகள் மட்டுமே தரப்பட்ட இடத்தில் 21-வதைப் படிக்கப் போயிருக்கிறது. சிம்பலும் சோர்ஸும் வைத்திருந்தவர்களால்தான் அதை உறுதியாகச் சொல்ல முடிந்தது.

நம்ம கணக்கு புரோகிராமுக்கு வந்தால்

இங்கே சிக்கல் இன்னும் அதிகம். 64-பிட் புரோகிராமில், வரிசையைத் திரும்பப் பிடிக்கத் தேவையான தகவல் கோப்புக்குள்ளேயே இருக்கும். பழைய 32-பிட்டில் அப்படி இல்லை. சிம்பல் இல்லாவிட்டால் டீபக்கர் பல வரிகளை ஊகித்துத்தான் போடும். தவறாக இருக்கலாம் என்று அதுவே எச்சரிக்கும். இன்னொரு பொறி: பெயர் தெரியாதபோது, பக்கத்தில் தெரிந்த ஏதோ ஒரு பெயரைப் போட்டு அதோடு பெரிய எண்ணைக் கூட்டிக் காட்டும். கூட்டிய எண் ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்தப் பெயரை நம்ப வேண்டாம்.

‘ஈவென்ட் வியூவர்’ திறந்து, ‘அப்ளிகேஷன்’ பதிவில் 1000 என்ற ஈவென்ட் எண்ணைத் தேடுங்கள். விழுந்த கோப்பின் பெயர், பிழைக் குறியீடு, ‘ஃபால்ட் ஆஃப்செட்’ மூன்றும் இருக்கும். குறியீடு சி0000005 என்றால், தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே ஆஃப்செட் வந்தால் அதே இடத்தில்தான் விழுகிறது. என்ன பில், என்ன தேதி என்று பக்கத்தில் குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆஃப்செட் மாறி மாறி வந்தால் ரேமையும் ஒருமுறை சோதிப்பது நல்லது.

எழுதியவரை எப்படியாவது பிடித்துவிட்டால் ‘மேப்’ அல்லது ‘பிடிபி’ கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களிடம் ஓடும் அதே எக்ஸிஇ-யோடு அன்றைக்கே உருவானதாக இருக்க வேண்டும். இன்று புதிதாக கம்பைல் செய்து கொடுத்தால் எண்கள் பொருந்தாமல் போகலாம்.