தாகத்தால் சாகும் சவ்வு

1969 ஜூலையில் நிலவுக்குப் போன மூன்று வீரர்களுக்கும் மின்சாரத்தோடு குடிதண்ணீரையும் தந்தது ஒரே சாதனம்: காரவகை எரிபொருள் செல். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேரும்போது மின்சாரம் கிடைக்கிறது. கழிவாக வருவது தண்ணீர்தான். பிரிட்டிஷ் பொறியாளர் பிரான்சிஸ் பேக்கன் 1959ல் இயக்கிக் காட்டிய 5 கிலோவாட் செல்தான் இதற்கு முன்னோடி.

விண்ணில் வென்றது தரையில் தடுமாறியது. காரணம், காற்று. அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, செல்லில் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு சேர்ந்து கார்பனேட் உப்பாக மாறி, மின்முனைகளின் நுண்துளைகளை அடைத்தது. அப்போலோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே இருந்தது சுத்தமான ஆக்ஸிஜன்.

எனவே கார் கம்பெனிகள் அமிலவகைச் சவ்வுக்குத் தாவின. 2014ல் வந்த டொயோட்டா மிராய் அந்த ரகம்தான். ஆனால் அமிலத்தைத் தாக்குப்பிடிக்க பிளாட்டினம் வேண்டும். காரத்தில் நிக்கல், வெள்ளி போன்றவற்றுக்கும் இடமுண்டு. இந்த ஆசைதான் ஆய்வாளர்களைப் பழைய செல்லுக்கே திருப்பியது. இப்போது கரைசலுக்குப் பதில் மெல்லிய பாலிமர் சவ்வு. இருபுறமும் வினையூக்கி பூசிய மின்முனைகள்.

சிக்கல் ஆயுள்தான். சவ்வில் உள்ள நேர்மின் தொகுதிகள் ஹைட்ராக்சைடு அயனிகளைக் கடத்துகின்றன. அதே அயனிகள் அந்தத் தொகுதிகளைத் தாக்கிச் சிதைக்கவும் செய்கின்றன. தண்ணீர் சூழ்ந்திருக்கும்வரை அயனி சாது, காய்ந்தால் மூர்க்கமாகிவிடும். இந்தச் செல்லில் ஹைட்ரஜன் பக்கம் தண்ணீர் உற்பத்தியாகிறது. ஆக்ஸிஜன் பக்கம் செலவாகிறது. இங்கே இரண்டு மூலக்கூறு பிறந்தால் அங்கே ஒன்று காலி. ஒருபுறம் வெள்ளம், மறுபுறம் வறட்சி. சிதைவு வறண்ட பக்கத்தில் தீவிரமாகிறது.

தீர்வும் இரட்டை வழியில் வருகிறது. ஒன்று, உறுதியான பாலிமர். முதுகெலும்பில் எளிதில் அறுபடும் ஈதர் பிணைப்புகளே இல்லாத சவ்வை அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகக் குழு 2019ல் வெளியிட்டது. மற்றொன்று, தண்ணீர் நிர்வாகம்: வறண்ட பக்கத்துக்கு நீர் விரைவாகக் கசிய மெல்லிய சவ்வு, வெள்ளப் பக்கத்து மின்முனையில் நீரை விலக்கும் டெஃப்லான், உள்ளே செலுத்தும் வாயுக்களில் அளவான ஈரப்பதம். இப்படிச் சரிசெய்த செல்கள் ஆய்வகத்தில் 1,000 மணி நேரத்தைத் தாண்டியிருக்கின்றன. காருக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வகுத்த இலக்கோ 5,000 மணி.

இந்தியாவுக்கும் இதில் அக்கறை உண்டு. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ரூ. 19,744 கோடியில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிகளிலும் இதே குடும்பத்துச் சவ்வுகள் பயன்படுகின்றன. சவ்வு நீடித்து உழைத்தால், இறக்குமதி பிளாட்டினத்தை நம்பியிருக்கும் நிலை குறையும்.