மடமும் குளமும் யாருக்கு?

கோவையிலிருந்து கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனிக்குக் கால்நடையாகப் போகிறவர்கள், அமராவதி ஆற்றைக் கடப்பதற்கு முன் உட்கார்ந்து கால் நீட்டும் ஊர் மடத்துக்குளம். வழிநடைக்காரனுக்கு வேண்டிய மடமும் குளமும் இந்த ஊரின் பேரிலேயே இருக்கின்றன. 2009-ல் திருப்பூர் ஜில்லா பிறந்தபோது தாலுகா என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. ஊருக்குப் பட்டம் வந்தது. வழிநடைக்காரனுக்கு என்ன வந்தது?

தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் இந்தச் சாலை ஜனசமுத்திரமாக இருக்கிறது. பச்சையும் காவியும் உடுத்திக் காவடி தூக்கி வருகிறவர்கள் யார்? பஞ்சாலைத் தொழிலாளி, பனியன் கம்பெனித் தொழிலாளி, விசைத்தறி ஓட்டுகிறவர், கரும்பு வெட்டுகிறவர், களை எடுக்கும் பெண்கள், கட்டிட வேலைக்காரர்கள். காரில் போகிறவருக்கு மடத்துக்குளம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். நெடுந்தூரம் நடந்து, பாதம் கொப்புளித்து வருகிறவருக்கோ அங்கே ஒரு வாய்த் தண்ணீரும் ஒரு சாண் நிழலும் உயிருக்குச் சமானம்.

"காவடி தூக்குகிறவர்களைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நம்பிக்கை அவரவர் மனதைப் பொறுத்தது. அதில் தலையிட நமக்கு வேலை இல்லை. ஆனால் தாகமும், கொப்புளமும், பின்னாலிருந்து வந்து மோதுகிற லாரியும் பொது விவகாரம். நடக்கிறவன் நம்மவன். அவனுக்கு வழியில் என்ன நேர்கிறது என்று நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

அந்த நாட்களில் சாலையோரம் பந்தல்கள் முளைக்கின்றன. நீர்மோர், சுக்குக் காப்பி, கட்டுச் சாதம், காலுக்குத் தைலம் எல்லாம் கிடைக்கின்றன. ஊர் ஜனங்கள் தூக்கத்தை விட்டு ஊற்றிக் கொடுக்கிறார்கள். இது நம் நாட்டின் நல்ல வழக்கம். கோவையிலும் திருப்பூரிலும் தண்ணீர்ப்பந்தல் என்று இடங்களுக்கே பேர் நிலைத்திருக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்டு, பாரம் சுமந்து வருகிற யாரோ ஒருவர் இளைப்பாறட்டும் என்று நினைத்தார்கள் நம் முன்னோர்கள். அந்தக் கல் ஒரு நாள் திருவிழாவுக்கு நட்டதல்ல. ஆண்டு முழுதும் நின்றது. யார் சுமையையும் தாங்கியது.

இன்றைய பந்தல் அப்படியா? பூசம் முடிந்த மறுநாள் மூங்கில் போய்விடுகிறது, தண்ணீர்த் தொட்டி போய்விடுகிறது, தர்மவான்களின் படம் போட்ட பெரிய பேனரும் போய்விடுகிறது. சித்திரை வெயிலில் அதே சாலையில் வேலைக்கு நடந்து போகிற விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்குத் தண்ணீர் எங்கே? நிழல் எங்கே? தர்மம் மூன்று நாளில் களைத்துப் போகிறது. களைக்காமல் நிற்க வேண்டியது சர்க்கார்.

சாலையை எடுத்துக்கொள்வோம். வெயிலுக்குப் பயந்து ஜனங்கள் இரவில் நடக்கிறார்கள். தோள்பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறது போலீஸ். நல்லதுதான், ஆனால் ஸ்டிக்கர் லாரியைத் தடுக்காது. பாதயாத்திரை போனவர்கள் மீது வண்டி மோதியது என்ற செய்தியைத் திருவிழாக் காலத்தில் மீண்டும் மீண்டும் பத்திரிகையில் படிக்கிறோம். செத்தவர் பக்தர் என்று அனுதாபப்படுகிறார்கள். அவர் ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம் என்பதைச் சொல்ல மறக்கிறார்கள். திண்டுக்கல் சாலையில் நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை போட முடிந்திருக்கிறது. அப்படியானால் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருகிற சாலைகளில் அது முழுநீளத்துக்கும் ஏன் இல்லை? அந்தப் பாதை போட்டால் திருவிழாவுக்கு மட்டுமா பயன்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும், ஷிப்ட் முடிந்து வருகிற தொழிலாளியும் அதில்தான் நடப்பார்கள்.

அடுத்தது, வாய்விட்டுப் பேசக் கூசுகிற விஷயம். லட்சக்கணக்கான ஜனங்கள் நடக்கிற வழியில் கக்கூஸ் எத்தனை? ஆண்கள் கரும்புக் காட்டில் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார்கள். மறுநாள் அந்தக் காட்டில் வெறுங்காலோடு இறங்குகிறவர் கூலியாள். சாலையோரத்தில் இலையையும் பிளாஸ்டிக் டம்ளரையும் மலத்தையும் அள்ளுகிறவர் தூய்மைப் பணியாளர். மனித மலத்தை மனிதன் கையால் அள்ளக்கூடாது என்று 2013-ல் சட்டம் செய்தார்கள். கக்கூஸ் கட்டாமல் ஜனங்களை நடக்கவிட்டால் அந்தச் சட்டத்துக்கு என்ன மரியாதை?

இந்த வழிநடையில் நாம் போற்ற வேண்டிய ஒன்றும் உண்டு. பந்தலில் பந்தி விரித்தால் யார் பக்கத்தில் யார் என்று எவரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் பேர் "சாமி"தான். ஆனால் ஊர் திரும்பியதும் அதே சாமிகள் பழையபடி பிரிகிறார்கள். கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை இறைத்த காலத்தில் அதற்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அவர்கள் கை பட்ட தோலில் வந்த தண்ணீர் வயலுக்கு ஆகும். அவர்கள் குடத்தை மட்டும் கிணற்றில் விடக்கூடாது! இந்த அநியாயத்தின் வாரிசுதான் டீக்கடை இரட்டைக் குவளை. மகாராஷ்டிரத்திலும் பண்டரிபுரத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே நடந்தார்கள். இருந்தும் தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயில் கதவு திறக்க, 1947 மே மாதத்தில் சானே குருஜி உண்ணாவிரதம் கிடக்க வேண்டியிருந்தது. அதே 1947-ல்தான் சென்னை ராஜ்யத்திலும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. சேர்ந்து நடந்ததால் மட்டும் கதவு திறந்துவிடவில்லை. கேட்டுப் போராடிய பிறகே திறந்தது. பந்தலில் இருக்கிற சமபந்தி டீக்கடைக்கும் வர வேண்டுமானால் நாம்தான் கேட்க வேண்டும்.

பணம் ஏது என்பார்கள். பழனிக் கோயில் ஏழைக் கோயில் அல்ல. அந்த வருமானம் நடந்து வருகிறவன் மடியிலிருந்து அவிழ்ந்த காசு. பஞ்சாமிர்தத்துக்குப் போகிற நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து வருகிறது. அதைக் காய்ச்சுகிறவன் ஆலைக்கொட்டாயில் வேகிறான். 2019-ல் அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்ச்சியவனுக்கு என்ன கிடைத்தது? கோயில் பணத்தில் பழனியில் கல்லூரிகள் நடக்கின்றன. மலைமேல் அன்னதானம் நடக்கிறது. இவற்றை வரவேற்கிறோம். அதே பணத்தில் ஒரு பங்கு வழியில் இருக்கிற ஊர்களுக்கும் வரட்டும் என்கிறோம்.

நடக்க நேரம் ஏது என்பது இன்னொரு கேள்வி. 2021 முதல் தைப்பூசம் சர்க்கார் விடுமுறை. ஆலைத் தொழிலாளிக்கு அது தானாக வந்துவிடாது. 1958-ம் வருஷத்துச் சட்டம் தொழில் நிறுவனங்களுக்கு நான்கு தேசிய விடுமுறைகளையும் ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் வகுத்தது. அந்த ஐந்தில் பூசமும் சேர்ந்தால்தான் சம்பளத்தோடு ஓய்வு. பீஸ் ரேட்டுக்காரருக்கு ஓய்வெடுத்த நாள் பட்டினி நாள். மில் விடுதியில் அடைபட்டிருக்கும் இளம் பெண்ணுக்கோ, சாலையில் போகிற காவடியைக் கேட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுதான் திருவிழா.

ஆகவே தோழர்களே, நம் கோரிக்கைகள் எளியவை:

1. பழனி செல்லும் எல்லாச் சாலைகளிலும் விளக்கும் மரநிழலும் உள்ள நடைபாதை.

2. மடத்துக்குளம் போன்ற ஒவ்வொரு தங்கல் ஊரிலும் ஆண்டு முழுதும் திறந்திருக்கும் சாவடி, குடிநீர்க் குழாய், பெண்களுக்குத் தனிக் கக்கூஸ்.

3. திருவிழாத் துப்புரவு வேலைக்கு இயந்திரம், கையுறை, இரட்டைச் சம்பளம்.

4. இதற்கெல்லாம் கோயில் வருமானத்திலும் நெடுஞ்சாலைத் துறை நிதியிலும் பங்கு.

5. விரும்புகிற தொழிலாளிக்குப் பூசத்தன்று சம்பளத்துடன் விடுமுறை.

பூசத்தை ஒட்டி ஜனவரி 26-ந் தேதி கிராமசபை கூடுகிறது. வழியோர ஊராட்சிகளில் இருக்கிற விவசாயத் தொழிலாளர்கள் அங்கே எழுந்து இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரட்டும். ஆலைகளில் சங்கங்கள் மனுக் கொடுக்கட்டும். காவடி தூக்குகிறவரும் தூக்காதவரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். தண்ணீருக்கும் நிழலுக்கும் உயிருக்கும் நாம் பிச்சை கேட்கவில்லை, உரிமை கேட்கிறோம். மடமும் குளமும் ஊரின் பேரில் இருந்தால் போதாது, ஊரிலும் இருக்க வேண்டும்!