முதுகு வளைந்தது யாருக்காக?

கிழக்கு வெளுக்குமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைகிறான் பால்மரத் தொழிலாளி. மரத்துக்கு மரம் குனிந்து, திரும்பி, மணிக்கட்டை மடக்கி உளியை இழுக்கிறான். அப்புறம் பால் வாளியின் பாரம். இடுப்பில் பிடிப்பு என்று முனகினால், "தைலம் தேய்த்துக்கொள்" என்பதே அவனுக்குக் கிடைக்கும் பதில்!

பிடிப்பு என்பது சோம்பேறியின் சாக்கு அல்ல. தசைகளைப் போர்த்திய சவ்வும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் ஒரே அசைவை ஓயாமல் செய்தால் நைந்து வலிக்கும். அசையாதிருந்தாலோ உடல் இறுகும். நாள் முழுதும் மேசையில் குனிந்திருக்கும் கிராணியும் இதற்கு விலக்கல்ல.

இறுகிய உடலைக் கையால் பிசைந்து இளக்குவதைச் சித்த வைத்தியம் தொக்கணம் என்றது. மலாய்க்காரர் ஊருட் என்பர். அமெரிக்காவில் ஐடா ரால்ஃப் (1896–1979) என்ற அம்மையார் அந்தச் சவ்வுகளையே குறிவைத்து ஒரு கைச்சிகிச்சை முறையை வகுத்தார். இவற்றால் வலி தணியலாம். ஆனால் தணிவு பெரும்பாலும் சில காலமே. உடற்பயிற்சியும் வேலைமுறையில் மாற்றமும் சேர்ந்தால்தான் குணம் நிலைக்கும். எலும்பு முறிவு, வீக்கம், காய்ச்சல், கால் மரப்பு கண்டால் தேய்க்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பாரம்பரிய மருத்துவத்துக்கு இந்நாட்டில் 2016ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. 2007 முதல், கெப்பாலா பத்தாஸில் தொடங்கி, சில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மலாய் உருவுதல் சிகிச்சை நுழைந்தது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் தசை, மூட்டு நோய்களைத் தொழில் நோய்களாகவே சேர்த்திருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோ இருக்கிறது. மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. இருந்தும், தொழிலாளி தன் வலியைப் பதிவு செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டால் பயன் என்ன?

1978 முதல் சிலாங்கூரின் தலைநகராக விளங்கும் ஷா ஆலம், ஒரு காலத்தில் தோட்டக்காடு. மரங்கள் போயின, அங்கே பால் வெட்டியவர்களின் முதுகுவலி போகவில்லை. அடுக்குமாடிப் படிகளில் அது இன்னும் ஏறி இறங்குகிறது!

ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. வலி கண்டவனைச் சம்பளம் பிடிக்காமல் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் அனுப்புக! பாரத்தைக் குறைத்திடுக! தோழர்களே, வலியை மறைக்காதீர், டாக்டரிடம் தொழிலைச் சொல்லுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், சங்கக் கிளைக்கு வாருங்கள்.

வளைந்த முதுகு நிமிர வைத்தியம் வேண்டும். அந்த வைத்தியம் கிடைக்க ஒற்றுமை வேண்டும்.